நோர்வூட்டில் காயத்துணி உலர்த்திய கதை

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து அந்தத் துருப்பிடிக்காத இரும்புத் தட்டுகளை வெளியே எடுத்து வைத்தார். நடுவில் ஒரு கம்பி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டத் தட்டுகள், தட்டு முழுக்கத் துளைகள். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. நான் அது என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். காயத்துக்குக் கட்டும் மென்படலம், அழுத்தமேற்றிய கரியமில வாயு என்று இரண்டு வாக்கியம் போவதற்குள் அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: இட்லி. அதிகாரி சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிக் கொடுத்தார். நானும் மேற்கொண்டு விளக்கவில்லை.

அந்தத் தட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் இந்தப் பயணம். யோகா என்கிற யோகேஸ்வரியும் நானும் கோவையில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில், ஒரே விஷயத்தை ஆராய்ந்தவர்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளை மெல்லிய தாளாக வார்த்து, அதைக் காயத்தின்மேல் போடும் கட்டாக மாற்றுவது. படிப்பு முடிந்ததும் நான் அங்கேயே தங்கிவிட்டேன். யோகா இலங்கைக்கே திரும்பி, மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எங்கள் பிரச்சினையைச் சொல்வது சுலபம். அந்தத் தாளைக் காற்றில் உலர்த்தினால் அப்பளம் மாதிரி சுருங்கி விறைத்துப் போகும். உள்ளே இருக்கும் நீர் வெளியேறும்போது, நுண்ணிய அறைகளின் சுவர்களையும் சேர்த்து இழுத்து மூடிவிடும். அந்த அறைகள் திறந்திருந்தால்தான் தாள் காயத்தின் கசிவை உறிஞ்சும்; உறிஞ்சி மறுபடி கூழாக மாறுவதால் புண்ணில் ஒட்டாமலும் இருக்கும். அதற்கு வழி, நீரை எடுத்துவிட்டுச் சாராயத்தை நிரப்பி, பிறகு கனத்த அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தி, அந்த வாயுவை மெல்ல மெல்ல வெளியே விடுவது. சுவர்கள் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் எங்கள் ஆய்வுக்கூடக் கலம் ஒரு டம்ளர் அளவு. அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தாள் செய்யலாம். நாணயம் அளவுக்குக் காயம் பட்டவர்கள் யாரும் எங்களைத் தேடி வருவதில்லை.

யோகாதான் பெரிய கலத்தைக் கண்டுபிடித்தாள். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை. அங்கே இப்போது இதே வாயுவை வைத்துத் தேயிலையிலிருந்து சாறு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓர் ஆர்டர் முடிந்து அடுத்த ஆர்டர் தொடங்கும் இடைவெளியில் இயந்திரம் சும்மா நிற்கும். அந்த இடைவெளியை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். கையகலத் தாள் முழுசாக வந்தால் கண்டியில் ஒரு மருத்துவக் குழு அடுத்த கட்டச் சோதனைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வராவிட்டால் நாங்கள் நாணயத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஹட்டனுக்கு ரயிலில் போனேன். வழியில் ஒருவர் கூடையில் வடை கொண்டு வந்தார். பருப்பு வடை, அதன் நடுவில் ஓட்டோடும் மீசையோடும் ஓர் இறால். பத்து வருஷமாக நான் ஆராயும் மூலப்பொருள் வடைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. எதிரில் இருந்த அம்மாள் ஓட்டை உரிக்காமலே கடித்தார். நானும் அப்படியே செய்தேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. இதைக் காயத்தில் கட்டுவதைவிடத் தின்பதே மேல் என்று ஒரு கணம் தோன்றியது.

ஹட்டன் நிலையத்தில் மழை. யோகா குடையோடு நின்றாள். உடம்பு சற்றுப் பூசியிருந்தது, சிரிப்பு மாறவில்லை. நோர்வூட் போகும் தனியார் பேருந்தில் சிங்களப் பாட்டு கண்ணாடி அதிர ஓடிக்கொண்டிருந்தது. காசல்ரீ நீர்த்தேக்கம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தெரிந்து கொஞ்சம் மறைந்தது. நடத்துநரிடம் நான், "ஏனுங்க, நோர்வூட்டுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"கோயமுத்தூருங்க."

"நாங்களும் ங்க போட்டுத்தான் பேசுவோம். ஆனா முன்னாடி ஏனுங்க வராது" என்றார். இறங்கும்வரை அவர் எல்லாரையும் "ஏனுங்க, உள்ள போங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்துக்குள் எல்லாருக்கும் சிரிப்பு.

யோகாவின் அக்கா விஜயா வீட்டில் எங்களுக்குத் தங்கல். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. பக்கத்தில் ஓர் அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள். அதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். விஜயா அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். காலையில் ஆளெடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்பே தேங்காய்ப்பூ போட்ட கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து மூடி வைத்துவிடுவார். மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்து அம்மியில் அரைத்த அந்தச் சம்பலை நான் முதல் நாள் துவையல் என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது. விஜயா அக்கா இன்னொரு ரொட்டியை என் தட்டில் வைத்தார்.

அன்று மாலை யோகா தன் டப்பாக்களைத் திறந்து காட்டினாள். சாராயத்தில் மிதக்கும் கண்ணாடி போன்ற கூழ்த்தாள்கள். விஜயா அக்கா குனிந்து பார்த்தார்.

"இத ஆக்குறதுக்கா இவ்ளோ வருஷம் படிச்ச?"

"ஆமாக்கா."

"சாராய வாட அடிக்குது. மாமா வர்றதுக்குள்ள மூடி வை" என்றார்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனோம். மூன்று மாடி, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள், அந்தப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கே உரிய வெள்ளித் தகரக் கூரை. உள்ளே பழைய தேயிலை வாசனை சுவரில் ஊறிப்போயிருந்தது. இயந்திரத்துக்குப் பொறுப்பாளர் சுனில். ஐம்பது வயது இருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. தமிழைத் தேவையான அளவுக்கு மட்டும் வைத்திருந்தார்.

"மிஸ், மெஷின் ஹொந்தாய். நல்லா இருக்கு. காஸ் இல்ல. லொறி வரல்ல."

வாயு உருளைகளை ஏற்றி வந்த லொறி கினிகத்தேனைக்கு இப்பால் நின்றுவிட்டது. ராத்திரி மழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து வீதியை மூடியிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று கேட்டதற்கு, சுனில் தோளைக் குலுக்கினார். அடுத்த ஆர்டர் தொடங்கிவிட்டால் இயந்திரம் எங்களுக்குக் கிடைக்காது. யோகா அவரோடு சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு மூன்று பேருமாகத் தொழிற்சாலை லொறியில் ஏறினோம். எங்கே போகிறோம் என்று ஏறிய பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"மண்ணுக்கு அந்தப் பக்கம் அவங்க லொறி நிக்கிது. இந்தப் பக்கம் நம்ம லொறிய நிப்பாட்டுவோம். நடுவுல தூக்கிக்கலாம்."

"யார் தூக்குறது?"

"பாப்போம்" என்றாள்.

வட்டவளை தாண்டிப் போகும்போதே வாகன வரிசை தொடங்கிவிட்டது. பேருந்துகள், மரக்கறி லொறிகள், ஒரு கல்யாண வேன். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வீதியோரத்தில் நின்று சோளம் கடித்துக்கொண்டிருந்தார். சரிந்த மண் வீதியின் முக்கால் பாகத்தை மூடியிருந்தது. ஆள் நடக்க மட்டும் ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். அந்தப் பாதையில்தான் எங்கள் உருளைகள் வர வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் கனம்.

சுனில் அந்தப் பக்கம் போய் லொறிக்காரரிடம் பேசினார். முதல் உருளையை இருவருமாக இறக்கிச் சாய்த்து, அடிப்பக்கத்தை உருட்டியபடி சேற்றில் கொண்டுவர முயன்றார்கள். பாதி வழியில் அது சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. பேருந்திலிருந்து வேடிக்கை பார்த்தவர்களில் ஓர் இளைஞர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். பின்னால் நாலைந்து பேர். யாரோ பலகை கொண்டுவந்து போட்டார்கள். யாரோ கயிறு கொடுத்தார்கள். சிங்களத்தில் ஒருவர் எண்ண, தமிழில் ஒருவர் திட்ட, உருளை நகர்ந்தது. ஒரு வயதான மரக்கறி வியாபாரி என்னிடம் வந்து, "இதுக்குள்ள என்னாங்க?" என்று கேட்டார்.

"சோடாவுல இருக்கிற காத்துங்க."

அவர் அந்தக் கூட்டத்தையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சோடா கம்பெனியா?"

"இல்லைங்க. காயத்துக்குக் கட்டுற துணி செய்ய."

அவர் அடுத்த உருளைக்குத் தானும் ஒரு கை கொடுத்தார். கொஞ்சத்தில் மழை வலுத்துவிட்டது. ஏற்ற முடிந்தது இரண்டு முறை இயந்திரத்தை ஓட்டும் அளவுக்குத்தான். மீதியை விட்டுவிட்டுத் திரும்பினோம். கல்யாண வேன்காரர்கள் எங்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் பலகாரம் கொடுத்தார்கள். வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தார்கள். கொக்கிஸ் என்ற பெயரில் நம் ஊர் அச்சு முறுக்கு. மாப்பிள்ளை கையாலேயே வாங்கினோம்.

எங்கள் ஊரில் வீதி அடைத்தால் முதலில் ஒலிப்பான் கேட்கும், பிறகு சண்டை கேட்கும். அங்கே வரிசையில் நின்றவர்கள் பால் விடாத இஞ்சி பிளேன்டீ வாங்கிக் குடித்தபடி பொழுதைக் கழித்தார்கள். மலையோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று பழகியிருக்கலாம்.

அதற்கடுத்த நாள்தான் நான் என் கையைச் சுட்டுக்கொண்டேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. என் தட்டுகள் கலத்துக்குள் சரியாக இறங்கின. தட்டுக்கு ஒன்றாகக் கூழ்த்தாளைப் பரப்பினோம். சுனில் மூடியை முறுக்கினார். பம்பு ஓடத் தொடங்கியது. அழுத்தம் ஏறியது. சூடு அதிகம் வேண்டாம், காய்ச்சல்காரன் உடம்புச் சூடு போதும். சாராயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துப் பாத்திரத்தில் சேர்ந்தது. பிற்பகலில் வாயுவை வெளியே விடும் கட்டம் வந்தது. அதுதான் முக்கியம். வேகமாக விட்டால் தாள் வெடித்துவிடும்.

சுனில் வால்வைத் தலைமுடி அளவுக்குத் திறந்துவிட்டு என்னிடம், "ஹெமின், மிஸ். ஹெமின்" என்றார். மெதுவாக என்று அர்த்தம். அவருக்கு வெளியே ஒரு போன் வந்தது. யோகா ஜன்னலோரம் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். நான் மிச்சமிருந்த தட்டுகளைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வால்வருகே வந்து நின்றேன்.

அழுத்தமானியின் முள் நகரவே இல்லை. எங்கள் டம்ளர் கலத்தில் இந்த நேரத்துக்கு வேலை முடிந்து டீ குடிக்கப் போயிருப்போம். பழக்கம் என்னை அவசரப்படுத்தியது. வால்வை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. குழாய்க்குள் வாயு உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. திடீரென்று அந்த அடைப்பு விலக, வெள்ளையாகச் சீறிக்கொண்டு வாயு பாய்ந்தது. முள் சரசரவென இறங்கியது. பதறி வால்வை மூடப் போனவள், வால்வைப் பிடிக்காமல் பனி படர்ந்த குழாயைப் பிடித்துவிட்டேன். ஈரக் கை இரும்பில் ஒட்டிக்கொண்டது.

முதலில் வலிக்கவில்லை. கையை எடுக்க முடியவில்லை என்பதுதான் தெரிந்தது. யோகா ஓடி வந்து வால்வை மூடினாள். சுனில் ஒரு ஜக்கில் இருந்த வெதுவெதுப்பான தண்ணீரை என் கைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். கை விடுபட்டது. உள்ளங்கையும் மூன்று விரல்களும் வெள்ளையாக, மெழுகு மாதிரி இருந்தன. அப்புறம் வலி வந்தது.

கலத்தைத் திறந்தபோது தாள்கள் உடைந்த பொரிவிளங்காய் மாதிரி சில்லுச் சில்லாகக் கிடந்தன. யோகா ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வைத்தாள்.

"இன்னும் ஒரு தடவைக்கு காஸ் இருக்கு" என்றாள். "மொதல்ல கையப் பாப்போம், வா."

தோட்டத்து மருந்தகத்தில் ஓர் இளம் மருத்துவ உதவியாளர் இருந்தார். அங்கே எல்லாரும் அவரை டொக்டர் ஐயா என்றே அழைத்தார்கள். கை பொரிந்து கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது.

"கொதிதண்ணியா?"

"இல்லைங்க. குளிர்."

"இந்தத் தோட்டத்துல குளிர்ல சுட்டுக்கிட்டு வந்த மொத ஆள் நீங்கதான் மிஸ்" என்றார். மருந்து தடவி, வெறும் வலைத்துணியை வைத்துக் கட்டினார். "வாஸ்லின் போட்ட துணி இருந்தா ஒட்டாது. முடிஞ்சு போச்சு, அடுத்த வாரந்தான் வரும். நாளைக்கு வாங்க, மாத்திவிடுறேன்."

அன்றிரவு விஜயா அக்கா எனக்குச் சோற்றைப் பிசைந்து கரண்டி போட்டுக் கொடுத்தார். பருப்பும் கருவாட்டுப் பொரியலும். வலது கைதான் கட்டுப்பட்டிருந்தது. இடது கையில் கரண்டி பிடித்து நான் பட்ட பாட்டைப் பார்த்து அவர் வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று.

காலையில் மருந்தகத்துக்குப் போனேன். பெஞ்சில் எனக்கு முன்னால் ஒருவர் மட்டும் இருந்தார். கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர், பெயர் பெருமாள். கால் மூட்டுக்குக் கீழே பெரிய கட்டு. சீனி வருத்தம் என்று அங்கே சொல்லும் சர்க்கரை நோய், ஆறாத புண், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து மாற்றிக்கொள்கிறார். என் கையைப் பார்த்துவிட்டு, "நீங்க மொதல்ல போங்க மிஸ். எனக்கு இன்னக்கி லொறி இல்ல" என்றார்.

கொப்புளம் இரவே உடைந்திருந்தது. கசிவு துணியில் ஊறி, காய்ந்து, துணியும் தோலும் ஒன்றாகிவிட்டிருந்தன. டொக்டர் ஐயா உப்பு நீரை ஊற்றினார். ஓரத்தில் கொஞ்சம் இளகியது. நடுவில் இளகவில்லை. இன்னும் ஊற்றினார். பிறகு மெல்ல இழுத்தார்.

ஒட்டும் விசையை அளக்கும் கருவி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. கட்டை உரிக்க எவ்வளவு விசை தேவை என்று அதில் அளந்து, வரைபடம் போட்டு, கருத்தரங்குகளில் காட்டியிருக்கிறேன். அந்த வரைபடத்தின் கோடு மேலே ஏறும் இடத்தில் ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

பெஞ்சிலிருந்து பெருமாள் பேசினார். "கையப் பாக்காதீங்க மிஸ். அந்தா கலண்டர் தொங்குது பாருங்க, அதுல முருகன் மயில் எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்லுங்க."

"இந்தப் பக்கம்."

"வேலு எந்தக் கையில?"

சொல்வதற்குள் துணி வந்துவிட்டது. உடைந்த கொப்புளத்தின் மெல்லிய தோலும் அதோடு வந்தது. டொக்டர் ஐயாவுக்கும் முகம் வேர்த்திருந்தது. அவர் அடுத்து பெருமாளின் காலைக் கையில் எடுத்தார். நான் எழுந்து போகவில்லை. பெருமாள் கலண்டரைப் பார்த்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்தன.

மருந்தகத்திலிருந்து தொழிற்சாலைக்கு நடக்கும் பாதையில் யோகாவிடம் கேட்டேன். கோவையிலிருந்து கொண்டுவந்த நாணய அளவுத் தாள்கள் என் பையில் இருந்தன, மாதிரிக்காக. நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினால் என் கைக்குப் போதும்.

"வேணாம்" என்றாள்.

"என் கைதானே? யாரும் கேட்க மாட்டாங்க."

"நான் கேப்பேன். அது சுத்தப்படுத்தாத தாள். சீழ் புடிச்சிட்டா உன் கையும் போகும், நம்ம வேலையும் போகும். ஒண்ணும் ஆகாம ஆறிட்டாலும் என்னா பிரயோசனம்? ஒரு ஆள் கையில ஒட்டிப் பாத்தோம்னு யாருகிட்ட சொல்ல முடியும்?"

"வலிக்குது யோகா."

அவள் நின்றாள். இருபுறமும் தேயிலை. மேலே பெண்கள் பறித்துக்கொண்டே உரக்கப் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. "தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் வேணாங்கறேன்." பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தாள்கள் அதில்தான் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. ஒரு வளைவு போவதற்குள் அது இறங்கிவிட்டது.

அன்று என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதையும் தொடக் கூடாது என்பது யோகாவின் உத்தரவு. சுனில் அந்த நாற்காலியை இயந்திரத்திலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார். கடைசி உருளைகளை இணைத்தார்கள். கூழ்த்தாள்களிலும் கடைசித் தொகுதி இதுதான். பம்பு ஓடியது. முள் ஏறியது. நான் சாப்பாட்டுக்கு உள்ளே மீன் வைத்த மாலுபான் என்ற பன் இரண்டை இடது கையால் தின்று முடித்தேன்.

வாயு விடும் நேரம் வந்ததும் சுனில் தடித்த கையுறை மாட்டி, குழாயைச் சுற்றி வெந்நீர்த் துணி போட்டார். உள்ளே உறையாமல் இருக்க. யோகா முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் வால்வைத் திருப்பினார். திருப்பினார் என்பதைவிட, திருப்பலாமா என்று வால்வைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். வெளியே பனி வந்து ஜன்னலை மூடிற்று, விலகிற்று, மறுபடி மூடிற்று. இடையில் மின்விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தோம். மின்சாரம் போகவில்லை. சுனில் வேலைக்கு நடுவில் தன் மகள் நர்சிங் படிப்பதைப் பற்றி யோகாவிடம் சிங்களத்தில் சொன்னார். யோகா எனக்கு மொழிபெயர்த்தாள்: "இந்தத் துணி வந்தா அவதான் மொதல்ல கட்டுவாளாம். அதனால ஒழுங்கா செய்யணுமாம்."

முள் பூஜ்யத்துக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. சுனில் மூடியைக் கழற்றி, தட்டுக் கம்பியை இரு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தார். யோகா முதல் தட்டின்மேல் குனிந்தாள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கப் பயம்.

"மல்லிகா" என்றாள். என் பெயரை அவ்வளவு மெதுவாக அவள் சொல்லிக் கேட்டதில்லை.

வெள்ளையாக, கையகலத்தில், முழுசாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஓரத்தில் ஒரு கீறல். மற்றவை எல்லாம் முழுசு. சாராய வாடை இல்லை. யோகா ஒன்றை எடுத்து வளைத்தாள். உடையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு உருண்டு ஓடாமல் அந்த இடத்திலேயே உள்ளே போயிற்று. பட்ட இடம் கண்ணாடி போலத் தெளிந்து குளிர்ந்தது. சுனில் கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "ஹரி" என்றார். சரி என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பாராட்டை எந்தக் கருத்தரங்கிலும் நான் பெற்றதில்லை.

அன்று விஜயா அக்கா கோழி அடித்தார். யோகா ஒரு தாளை அவரிடம் நீட்டினாள். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள். தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "கனமே இல்ல" என்றார். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அடுத்த வீட்டுக்காரி வந்ததும் அவளிடம் காட்டி, "தங்கச்சி செஞ்சது" என்றார். யோகா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஊர் திரும்பும் நாள் காலை, கட்டு மாற்ற மருந்தகத்துக்கு இருவருமாகப் போனோம். பெருமாளுக்கும் அது முறைநாள். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். நாங்கள் அங்கே என்ன செய்கிறோம் என்பது இதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"அந்தத் துணி கெடச்சிருச்சாமே மிஸ். பாக்கலாங்களா?"

யோகா டப்பாவைத் திறந்து, கீறல் விழுந்த தாளைக் கொடுத்தாள். பெருமாள் அதை உள்ளங்கையில் வைத்து, ஊதிப் பார்த்தார். அது அசைந்தது. டொக்டர் ஐயாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது ஒட்டாதா?"

"ஒட்டக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்கோம்" என்றாள் யோகா.

"எனக்குக் கட்டிப் பாக்கலாங்களா?"

நான் யோகாவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன் என்னிடம் சொன்ன அதே பதிலை அவரிடம் எப்படிச் சொல்வாள் என்று தெரியவில்லை. அவள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப முடியாதுங்கண்ணே. இதக் கண்டிக்கு அனுப்பணும். கிருமி இல்லாமப் பண்ணணும். மிருகத்துக்குக் கட்டிப் பாக்கணும். அப்புறம் அனுமதி வாங்கி, ஹொஸ்பிட்டல்ல டொக்டர்மாரு முன்னுக்குத்தான் மனுசருக்குக் கட்டணும்."

"எவ்ளோ நாளாகும்?"

"நாள் இல்லண்ணே. வருசக்கணக்கு."

பெருமாள் தலையாட்டினார். முகத்தில் ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. கையிலிருந்த தாளை இன்னொரு தடவை ஊதிவிட்டுப் பத்திரமாக டப்பாவுக்குள் வைத்தார்.

"சரிங்க மிஸ். செய்ங்க. ஆனா அதுக்குள்ள எனக்கு ஆறிப்போச்சுன்னா வேற ஆளத்தான் பாத்துக்கணும். அப்ப வந்து கோவிச்சுக்கக் கூடாது."

டொக்டர் ஐயா முதலில் சிரித்தார். பிறகு யோகா. நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். உப்பு நீர் துணிமேல் விழுந்தது. பெருமாள் என் பக்கம் சாய்ந்து, சுவரில் இருந்த கலண்டரைக் கண்ணால் காட்டினார்.